டிராயிங் ஹால் தரையும் ஒரு நாற்காலிக் காலும்

நம் கல்லூரியில் படித்த எவரிடமும் 'டிராயிங் ஹால்' என்று சொன்னால் போதும். தோளில் தொங்கிய மினி டிராஃப்டரும், கக்கத்தில் இடுக்கிய ஷீட்டும், அந்த மரத்தரையும் ஒன்றாக நினைவுக்கு வந்துவிடும். பழைய கட்டடத்தின் முதல் மாடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தேக்குப் பலகை. பேராசிரியர் பின்னால் வருவதை அவர் வாய் திறப்பதற்கு முன்பே தரை சொல்லிவிடும். 'டொக்... டொக்...' சத்தம் நெருங்க நெருங்க, பக்கத்துப் பையன் ஷீட்டில் மேய்ந்துகொண்டிருந்த நம் கண்கள் தானாக நம் ஷீட்டுக்குத் திரும்பிவிடும். எத்தனை பேருடைய இன்டர்னல் மார்க்கை அந்தத் தரை காப்பாற்றியிருக்கிறது என்பதற்குக் கணக்கே கிடையாது!

2023-ஆம் ஆண்டு பழைய மாணவர் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நடந்தது ஞாபகம் இருக்கும். குரூப் போட்டோவுக்காக மேற்கு ஜன்னல் ஓரமாய் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். 1974 பேட்ச் சீனியர் ஒருவர் நடு நாயகமாக உட்கார்ந்தார். 'மளுக்'கென்று ஒரு சத்தம். நாற்காலியின் பின்னங்கால் இரண்டு அங்குலம் தரைக்குள் இறங்கிவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். மனுஷர் எழுந்து நின்று வேட்டியைத் தட்டிக்கொண்டே, "நான் அவ்வளவு வெயிட்டா ஆயிட்டேனாடா?" என்று கேட்க, ஹாலே சிரித்தது.

சிரிப்பு மதியச் சாப்பாட்டோடு அடங்கிவிட்டது. வாதம் ஆரம்பமானது. "அந்த மரத்தை எல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு கான்கிரீட் போட்டு டைல்ஸ் ஒட்டுங்கப்பா. இனி நூறு வருஷத்துக்குக் கவலையில்லை" என்றது ஒரு கட்சி. "டிராயிங் ஹால்ல டைல்ஸா? அதுக்குப் பேசாம ஹாலையே இடிச்சுடலாம்" என்றது இன்னொரு கட்சி. கடைசியில், "நீதான் சிவில்காரன், இந்த மாதிரி வேலைதானே பார்க்கிறே? ஒரு ரிப்போர்ட் கொடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் எழுதி வைத்த ஒரு பக்கக் குறிப்பு கான்கிரீட்டுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. அது ஏன் மாறியது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வெள்ளை மாளிகையில் ஒரு பியானோ

நாற்காலிக் கால் இறங்கியதைப் பார்த்ததுமே எனக்கு ஒரு பியானோவின் ஞாபகம் வந்தது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லும் சம்பவம் அது.

1948-ஆம் ஆண்டு. அமெரிக்க ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் குடும்பத்தோடு வெள்ளை மாளிகையில் குடியிருந்தார். அவர் மகள் மார்கரெட் சங்கீதத்தில் ஈடுபாடு உள்ளவர். மாடியில் இருந்த அவருடைய பியானோவின் கால் ஒரு நாள் தரைப் பலகையை உடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. உலகத்தின் மிகப் பெரிய வல்லரசின் தலைவர் வீட்டில் நம் டிராயிங் ஹால் கதை!

பலகையை மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எஞ்சினியர்கள் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். பார்த்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள். அந்த மாளிகை 1814-ல் பிரிட்டிஷ் படை வைத்த தீயில் எரிந்தது. கல் சுவர் நின்றது; உள்ளே எல்லாம் போயிற்று. முதலில் கட்டிய ஜேம்ஸ் ஹோபனே மறுபடியும் கட்டிக் கொடுக்க, 1817-ல் ஜனாதிபதி மன்றோ குடியேறினார். அன்றைக்குப் போட்ட உத்திரங்கள் நல்ல உத்திரங்கள்தான். அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் அவற்றைச் சும்மா விடவில்லை.

1833-ல் குழாய்த் தண்ணீர் வந்தது. 1848-ல் காஸ் விளக்கு வந்தது. 1891-ல் மின்சாரம் வந்தது. வெந்நீர்க் குழாய், குளியலறை, லிஃப்ட் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு முறையும் குழாய் போக வழி வேண்டும். உத்திரம் குறுக்கே நிற்கிறது. என்ன செய்வது? கொஞ்சம் வெட்டு! வெட்டியவர் தன் குழாயை மாத்திரம் பார்த்தார். ஏற்கெனவே அந்த உத்திரத்தில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று யாரும் எண்ணவில்லை. எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை. 1902-ல் சாப்பாட்டு ஹாலைப் பெரிதாக்க, மேலே பாரம் தாங்கிக்கொண்டிருந்த ஒரு சுவரையே எடுத்தார்கள். 1927-ல் தலைக்கு மேலே இரும்பும் கான்கிரீட்டுமாக மூன்றாவது மாடியை ஏற்றி வைத்தார்கள். கீழே பலம் குறைந்துகொண்டே வர, மேலே பாரம் கூடிக்கொண்டே போனது. மாளிகை வெறும் பழக்கத்தால்தான் நிற்கிறது என்கிற ரீதியில் அன்றைய அதிகாரிகளே பேசிக்கொண்டார்கள்.

ட்ரூமன் குடும்பம் 1948 நவம்பரில் எதிரே இருந்த பிளேர் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது. 1949-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு கமிஷனை அமைத்தது. அங்கேயும் நம் மதியச் சாப்பாட்டு வாதம்தான்: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, பழசைக் காப்பாற்றுவதா? கடைசியில், வெளிச் சுவரை மாத்திரம் வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததை முழுக்க எடுத்துவிட்டார்கள். தேங்காயை உடைக்காமல் பருப்பை மட்டும் எடுப்பதுபோல! புல்டோசரை உள்ளே கொண்டுபோகச் சுவரில் ஓட்டை போட ட்ரூமன் சம்மதிக்கவில்லை. அதைப் பிரித்து எடுத்துப்போய் உள்ளே வைத்து மாட்டினார்கள். உள்ளே சுமார் 660 டன் இரும்பில் புதிய சட்டகம் எழுந்தது. செலவு ஐம்பது லட்சம் டாலருக்கும் மேல். 1952 மார்ச் 27-ஆம் தேதிதான் ட்ரூமன் வீடு திரும்பினார்.

கழித்த பழைய மரத்தில் கொஞ்சத்தை அறுத்துக் கீழ்த்தளத்து அறைகளுக்குச் சுவர்ப் பலகையாக அடித்தார்கள். துண்டு துக்கடாக்களை ஞாபகார்த்தமாக மக்களுக்கு விற்றார்கள். ஆனால் ஹோபன் போட்ட தரை போனது போனதுதான்.

இதைத் திரும்பப் படித்துவிட்டு, என் ஒரு பக்கக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். தேக்குத் தரை, உத்திரம் எல்லாம் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு ஐம்பது கிலோவுக்குள் அடங்கும். நான் எழுதி வைத்திருந்த ஐந்து அங்குலக் கான்கிரீட் முந்நூறு கிலோவைத் தாண்டும். டைல்ஸ், கலவை எல்லாம் தனி. கிட்டத்தட்ட ஆறு மடங்குப் பாரத்தை, சுண்ணாம்புக் கலவையில் கட்டிய ஒரு பழைய செங்கல் சுவரின் தலையில் ஏற்றச் சொல்லியிருந்தேன்! 1927-ல் வாஷிங்டனில் செய்ததையே நம் ஊரில் செய்ய இருந்தேன். அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

அந்தத் தேக்கு வந்த வழி

கிழித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கல்லூரியின் பழைய கட்டட ஃபைலில் தரையைப் பற்றி 'பர்மா தேக்கு' என்று ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தை நம் இளைய தம்பிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேக்கு நமக்கு அந்நியமான மரம் இல்லை. ஆங்கிலத்தில் 'டீக்' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லே நம் பக்கத்திலிருந்து போனதுதான். மலையாளக் கரையில் கேட்ட சொல்லைப் போர்ச்சுகீசியர் 'டேக்கா' என்றார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து இருக்கிறது. தண்ணீரில் எளிதில் உளுக்காது. கரையான் கிட்டே வரத் தயங்கும். வெயிலுக்கும் மழைக்கும் மற்ற மரங்கள் அளவுக்கு விரியாது, சுருங்காது. கப்பல் கட்டுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மேற்குத் தொடர்ச்சி மலைத் தேக்கைக் கப்பலுக்காக வெட்டித் தள்ளினார்கள். வெட்டியவர்கள் நடவில்லை.

நட்டுப் பார்த்தவர்கள் என்று இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். அப்போது மலபார் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே கலெக்டராக இருந்த கனோலியும், அவரிடம் வேலை பார்த்த சாத்து மேனோனும் 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். தேக்கு விதை லேசில் முளைக்காது. பல முறை தோற்றுத்தான் வெற்றி கிடைத்தது. 1846-ல் நட்ட பகுதி இன்றைக்கும் 'கனோலி பிளாட்' என்ற பெயரில் இருக்கிறது. ஆனால் தேக்கு நட்டவர் கையால் அறுக்கிற மரமில்லை. பேரன் காலத்துக்குத்தான் ஆகும். அதற்குள் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ரயில் வந்தால் தண்டவாளத்துக்கு அடியில் போடக் கட்டை வேண்டும். அதே 1856-ல் சென்னை மாகாணத்துக்கு கிளெகார்ன் என்ற டாக்டரைக் காட்டிலாகாவுக்குத் தலைவராகப் போட்டார்கள். இருக்கிற காட்டைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது.

ஆகவே எல்லோர் கண்ணும் பர்மாவின் மேல் போனது. 1826-ல் முதல் பர்மா யுத்தம் முடிந்ததும் மௌல்மேன் பக்கத்துக் காடுகள் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. 1852-ல் இரண்டாவது யுத்தம். ரங்கூனும் பெகுவும் வந்தன. 1885-ல் மூன்றாவது யுத்தம். அந்தச் சண்டைக்குச் சொல்லப்பட்ட காரணமே தேக்குதான்! பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் வெட்டிய மரத்துக்குச் சரியாகக் கணக்குக் காட்டவில்லை என்று மன்னர் தீபாவின் அரசு பெரிய அபராதம் விதித்தது. பதிலுக்குப் படை வந்தது. தீபா ரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். ராஜ்யத்தோடு காடும் போயிற்று.

அந்தக் காட்டில் மரம் வெட்டுகிற முறையே தனி. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டி, மரத்தை நின்ற நிலையிலேயே சாக விடுவார்கள். இரண்டு மூன்று வருஷம் அப்படியே நின்று காயும். பிறகு சாய்த்து, யானையைக் கொண்டு ஓடைக்கு இழுத்துப்போய்ப் போடுவார்கள். மழை வந்து ஓடையில் வெள்ளம் வந்தால்தான் கட்டை நகரும். பெரிய ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூன் வரை ஓட்டி வருவார்கள். கோடாலி பட்ட நாளிலிருந்து ரங்கூன் ரம்பத்துக்கு வந்து சேர வருஷக்கணக்கில் ஆகும். அதாவது, நம் ஹாலுக்கு வந்த பலகை கப்பலில் ஏறுவதற்கு முன்பே காட்டிலும் ஆற்றிலும் நன்றாகப் பதப்பட்டுத்தான் வந்தது.

செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் வந்ததும் இந்த வழியில்தான். வட்டித் தொழிலுக்கும் கூலி வேலைக்குமாகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கடல் தாண்டிய காலம் அது. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. காட்டு வழியே நடந்து வந்தவர்களின் கதையை நம்மில் பலர் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டிருப்போம். 2014 ஏப்ரல் 1-ஆம் தேதியிலிருந்து அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதை அந்த நாடே தடை செய்துவிட்டது. ஆக, நாம் பிடுங்கிப் போட இருந்த பலகையைப் போல இன்னொன்றைக் கடையில் போய் 'ஒரு நூறு அடி கொடுங்க' என்று வாங்கிவிட முடியாது.

கீழே போய்ப் பார்த்தபோது

2024 மே மாதம், லீவு விட்ட பிறகு வேலையை ஆரம்பித்தோம். ஊரிலேயே வயதான தச்சர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். பலகையைத் தொடுவதற்கு முன் அவர் ஒரு முழு நாள் வெறுமனே நடந்தார். கையில் சுத்தியல். அதன் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போவார். 'டங்'கென்று கேட்டால் அடுத்த அடி. 'பொத்'தென்று கேட்டால் அங்கே ஒரு சாக்பீஸ் கோடு. சந்தேகம் வந்த இடத்தில் கூரான ஊசியால் குத்திப் பார்ப்பார். நல்ல மரத்தில் ஊசி இறங்காது. உளுத்த மரத்தில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். சாயங்காலம் பார்த்தால், சேதம் மொத்தத் தரையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டே இடம்தான். ஒன்று, நாற்காலி இறங்கிய மேற்கு ஜன்னல் ஓரம். இன்னொன்று, ஹாலின் நடுவே பலகை பிளந்து சற்றுக் குழிந்திருந்த இடம்.

"பலகையைப் பார்க்காதீங்க தம்பி. இதுக்கு என்ன வியாதின்னு மொதல்ல பாருங்க" என்றார்.

ஜன்னல் ஓரத்து வியாதி சுலபமாகத் தெரிந்துவிட்டது. மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயை வேப்பிலைச் சருகு அடைத்திருந்தது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் சுவருக்குள் இறங்கி, சுவரில் பதிந்திருந்த உத்திரத்தின் முனையை நனைத்துக்கொண்டே இருந்தது. ஈரம் இருந்தால் கரையானுக்குக் கேட்கவா வேண்டும்? வைரத்தை விட்டுவிட்டு, ஓரத்து வெளுத்த பகுதியைச் சாப்பிட்டிருந்தது. மேலே பாலீஷ் மட்டும் பளபளவென்று இருந்தது. அந்தக் குழாயைச் சரிசெய்யாமல் எத்தனை பலகை மாற்றியிருந்தாலும் வீண்தான்.

நடு ஹால் வியாதியைப் பார்க்க, கீழே இருக்கும் ஸ்டோர் ரூமுக்குப் போய் ஏணி போட்டு ஏறினேன். நம் ஹாலைத் தாங்குபவை மூன்று அங்குல அகலம், பத்து அங்குல உயரத் தேக்கு உத்திரங்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். வரிசையாக நான்கு உத்திரங்களின் அடிவயிற்றில், சரியாக நடுவில், இரண்டரை அங்குல ஆழத்துக்கு ஒரு காடி. அதன் வழியே இன்னும் ஒரு பழைய கேபிள் ஓடிக்கொண்டிருந்தது. காடியின் மூலையிலிருந்து விரிசல் ஆரம்பித்து மரத்தின் வாக்கிலேயே போயிருந்தது.

எனக்கு ஏணியில் கால் நடுங்கியது. ஏனென்றால் அந்தக் காடி எனக்குத் தெரியும்.

2009-ஆம் ஆண்டு சிம்போசியம். டிராயிங் ஹாலில் நிகழ்ச்சி. ஸ்டோர் ரூமில் மின்சாரப் பெட்டி. கேபிளைச் சுற்றிக் கொண்டுபோக நீளம் போதவில்லை. எலெக்ட்ரீஷியன் அண்ணன், "தம்பி, இந்தக் கட்டையில கொஞ்சம் காடி எடுத்தா நேரா போயிடும், எடுக்கலாமா?" என்று கேட்டார். அன்றைக்கு ஏற்பாட்டுக் குழுவில் இருந்தவன் நான். "எடுங்கண்ணே" என்றேன். அது மட்டுமா? எல்லாக் காடியும் ஒரே நேர்க்கோட்டில் அழகாக இருக்க வேண்டும் என்று டேப் பிடித்து அளந்து, உத்திரத்தின் நட்டநடுவில் சாக்பீஸால் குறி போட்டுக் கொடுத்ததும் நான்தான்! மூன்றாவது செமஸ்டரில் 'ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாஸ் பண்ணியவன்.

படித்தது என்ன? இரு முனையும் தாங்கிய உத்திரத்தில் வளைவு விசை அதிகபட்சமாக இருப்பது நடுவில். இழுவை அதிகபட்சமாக இருப்பது அடிப்பக்கத்தில். நான் குறி போட்டது அந்த நடுவில், அந்த அடிப்பக்கத்தில். பலம் உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பத்து அங்குலத்தில் இரண்டரை போனால் மீதி ஏழரை. உயரத்தில் கால் பங்குதான் போனது. பலத்தில் கிட்டத்தட்ட 44 சதவீதம் போய்விட்டது. கூரான மூலையில் விரிசல் கிளம்புவது அதற்கு மேல் ஒரு கேடு. பரீட்சையில் இந்தக் கணக்கைக் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். ஏணியடியில் நின்று ஒருவர் கேட்டபோது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

வெள்ளை மாளிகையில் வெட்டியவர்களை நினைத்துச் சிரித்தவன், கீழே இறங்கி தச்சர் பெரியவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "வெட்டுனவனே வந்து பார்க்கிறது எங்க நடக்குது தம்பி? நீங்க பார்த்துட்டீங்க. விடுங்க, கட்டிடலாம்" என்றார்.

பலகை மாற்றிய விதம்

முதலில் குழாய் அடைப்பை எடுத்தோம். கேபிளைச் சுவர் வழியாகத் திருப்பிவிட்டோம். காடி வெட்டிய நான்கு உத்திரங்களுக்கும் அடியில் ஸ்க்ரூ ஜாக் வைத்து, ஒரேயடியாகத் தூக்காமல் தினம் கொஞ்சமாக ஒரு வாரத்தில் தூக்கி மட்டத்துக்குக் கொண்டுவந்தோம். பிறகு ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் நீளமான இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டு இறுக்கினோம். உத்திரத்தைக் கழற்றவே இல்லை. ஜன்னல் ஓரத்தில் முனை உளுத்த உத்திரங்களுக்கு, உளுத்த துண்டை வெட்டிவிட்டுப் பக்கத்தில் புதுத் துண்டைத் துணை சேர்த்தோம். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றிக் காற்றுப் போக இடம் விட்டோம்.

பலகைக்கு மரம் தேடி காரைக்குடிப் பக்கம் போனோம். அங்கே பிரித்த வீடுகளின் சாமான் விற்கும் கடைகள் உண்டு. அதே பழைய தேக்கு கிடைத்தது. வாங்கி வந்ததும் அடித்துவிடவில்லை. ஆணி எல்லாம் பிடுங்கி, இழைத்து, டிராயிங் ஹாலிலேயே ஆறு வாரம் அடுக்கி வைத்தோம். இடையிடையே குச்சி வைத்துக் காற்றாட விட வேண்டும். எந்த அறையில் வாழப் போகிறதோ அந்த அறையின் ஈரப்பதத்துக்கு மரம் பழகிய பிறகுதான் அதைத் தரையில் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் அடித்த ஒரு மாதத்தில் இடுக்கு விடும். அல்லது மழைக்காலத்தில் புடைத்துக் கிளம்பும்.

பலகைகள் ஒன்றன் நாக்கு மற்றொன்றின் காடிக்குள் போய் மாட்டியிருப்பதால், கெட்டுப்போன ஒன்றை மட்டும் நெம்பி எடுக்க முடியாது. நெம்பினால் பக்கத்து நல்ல பலகையும் உடையும். ஆகவே கெட்ட பலகையின் நடுவில் நீளவாக்கில் இரண்டு ரம்பக் கோடு போட்டார் பெரியவர். நடுச் சக்கையை உளியால் எடுத்தார். இடம் கிடைத்ததும் இரு ஓரத் துண்டுகளையும் உள்பக்கமாக நகர்த்தி எடுத்துவிட்டார். பக்கத்துப் பலகையின் நாக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

வெட்டுமுனை ஒவ்வொன்றும் உத்திரத்தின் மேல்தான் வர வேண்டும். அந்தரத்தில் நிற்கக் கூடாது. வர முடியாத இடத்தில் உத்திரத்தின் பக்கவாட்டில் ஒரு ரீப்பர் அடித்து அதன் மேல் உட்கார வைத்தோம். அதே மாதிரி, பக்கத்துப் பக்கத்துப் பலகைகளின் வெட்டு ஒரே கோட்டில் வரக் கூடாது. செங்கல் கட்டுவதுபோல மாறி மாறி வர வேண்டும். சதுரமாக வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒட்டு ஒட்டாகவே தெரியும், பலமும் இருக்காது.

கடைசிப் பலகைதான் வித்தை. இரண்டு பக்கமும் பலகை இருக்கும்போது நாக்கைக் காடிக்குள் எப்படி நுழைப்பது? காடியின் கீழுதட்டை மட்டும் இழைத்து எடுத்துவிட்டு, நாக்குப் பக்கத்தை முதலில் சொருகி, மறுபக்கத்தை மேலிருந்து இறக்கி உட்கார வைத்தார். அதை மேலிருந்து திருகாணியால் இறுக்கி, தலை தெரியாமல் தேக்குக் கட்டையாலேயே முளை அடித்து மூடினார். சுவரோரம் கால் அங்குலம் இடம் விட்டோம், மழைக்காலத்தில் மரம் விரிந்துகொள்ள. பிறகு முரட்டு உப்புத்தாளில் ஆரம்பித்து நைஸ் உப்புத்தாள் வரை தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினோம்.

புதுப் பலகை கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. சாயம் ஏற்றலாமா என்று கேட்டேன். "வேண்டாம் தம்பி. இழைச்ச முகம் வெளிச்சம் பட்டு தானா கறுக்கும். இப்ப சாயம் அடிச்சா, அது கறுக்கும்போது திட்டுத் திட்டா காட்டிக் கொடுத்துடும்" என்றார்.

வேலை நடக்கும்போது ஒன்று கவனித்தோம். கிழக்கு மூலையில் நாலைந்து பலகைகள் ஏற்கெனவே இதே முறையில் எப்போதோ மாற்றப்பட்டவை. மேலே நின்று பார்த்தால் தெரியாது. கீழே ஸ்டோர் ரூமிலிருந்து பார்த்தால் ரம்பத் தடம் வேறாக இருக்கிறது. யார் செய்தார்கள், என்றைக்குச் செய்தார்கள் என்று ஃபைலில் ஒரு வரி இல்லை. நல்லது செய்தவரும் எழுதி வைக்கவில்லை. என்னைப் போல் வெட்டியவரும் எழுதி வைக்கவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஆகவே வேலை முடிந்ததும் பிரின்சிபால் அவர்களின் அனுமதியோடு ஒரு காரியம் செய்தோம். ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தடித்த நோட்டு ஒன்றை மாட்டியிருக்கிறோம். எந்த உத்திரத்துக்கு என்ன நம்பர், எந்தப் பலகை எப்போது மாற்றியது, தகடு எங்கே இருக்கிறது எல்லாம் படத்தோடு அதில் இருக்கிறது. இனிமேல் யார் ஒரு ஆணி அடிப்பதானாலும் முதலில் அந்த நோட்டைப் பார்க்க வேண்டும். அடித்த பின் அதில் எழுத வேண்டும். வெள்ளை மாளிகையில் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், பியானோ இறங்கும் வரை காத்திருக்க வேண்டி வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் முதல் பதிவு இதுதான்: '2009. நான்கு உத்திரங்களின் நடுவில் கேபிளுக்காகக் காடி. தவறு. குறி போட்டுக் கொடுத்தது...' அதற்குப் பக்கத்தில் என் பெயரும் ரோல் நம்பரும் இருக்கின்றன.

இந்த வருஷம் கூட்டத்துக்கு வரும் நண்பர்கள் டிராயிங் ஹாலுக்கு ஒரு நடை போய் வாருங்கள். அதே 1974 பேட்ச் சீனியருக்கு அதே ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். தைரியமாக உட்காரலாம். வரும் வழியில் மழைநீர்க் குழாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். எடுத்ததை நோட்டில் எழுதவும் மறக்காதீர்கள்.